தண்டவாளத்தில் மஞ்சள் தண்ணீர்

அப்புத்தளைக்குக் கீழே, ரயில் பாதைக்கு மேலாக இருக்கிறது எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அதில் சிவசக்தி சமையலுக்கு மஞ்சள் போடுவதை நிறுத்திவிட்டாள். பருப்பு வெள்ளையாக இருந்தது. உருளைக்கிழங்கு வெள்ளையாக இருந்தது. ஒருநாள் கருவாட்டுக் குழம்பை எட்டிப் பார்த்த பக்கத்துக் காம்பரா பெரியாயி, "என்னாடி இது, பத்தியமா?" என்று கேட்டாள். சிவசக்தி சட்டியை மூடினாள்.

அவள் கலந்து கொடுத்த மஞ்சள் தண்ணீர்தான் அவள் புருஷனின் கண்ணைப் பறித்தது என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் அதை நம்பினாள். அவளை நம்ப வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போன பெருமழையில் மலை சரிந்து ரயில் பாதையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. பாதையைத் திரும்பப் போடுகிற வேலையில் தண்டவாளங்களை ஒட்டவைக்கும் பகுதியை ஒரு கம்பனி கொந்தராத்து எடுத்திருந்தது. அந்த ஒட்டு வேலைக்குத் தலைவனாக வந்தவன் சிவஞானம். சிவசக்தியின் கூடப்பிறந்த அண்ணன். கொழும்பில் பயிற்சி எடுத்து, லைசன் வாங்கி, நெஞ்சில் கம்பனி பெயர் போட்ட ஜாக்கெட்டோடு வந்து இறங்கினான். மலையில் முதுகு வளைந்த எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தன் மச்சான், சிவசக்தியின் புருஷன் புவனேந்திரனைத் தோட்ட வேலையிலிருந்து கழற்றித் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதும் அவன்தான்.

தீபாவளிக்கு வந்தபோது ஒரு பொலித்தீன் பையில் கொஞ்சம் தூள் கொண்டு வந்தான். தங்கச்சி வீட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லயத்து ஆட்கள் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான்.

"இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்."

"கரியா?" என்றாள் பெரியாயி.

"துரு, அக்கா. சும்மா இரும்புத் துரு. கூடக் கலந்திருக்கிறது அலுமினியத் தூளு. இது ரெண்டையும் சட்டியில போட்டுப் பத்த வச்சா, இரும்பு தண்ணியா உருகி ஓடும்."

"துரு எப்படி இரும்பாகும்? இரும்புதானே துருவாகும்," என்றாள் சிவசக்தி.

"அதான் விசயமே. துருன்னா என்னா? இரும்பும் ஆக்சிஜனும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அலுமினியத்துக்கு அந்த ஆக்சிஜன் மேல இரும்ப விட ஆச ஜாஸ்தி. கிட்ட வந்து புடுங்கிக்கும். இரும்பு தனியா நின்னுரும்."

"ஒருத்தன் பொண்டாட்டிய இன்னொருத்தன் இழுத்துக்கிட்டு ஓடுற கதை. இதப் படிக்கவா கொழும்புக்குப் போன?" என்று பெரியாயி கேட்க, எல்லாரும் சிரித்தோம். சிவஞானமும் சிரித்தான்.

"புடுங்குறப்ப ஒரு சூடு வரும் பாருங்க, எந்தக் கொல்லன் ஒலையிலயும் வராது. அலுமினியம் ஆக்சிஜனோட சேந்து அம்புட்டு நிம்மதியாகிருது. அதுக்கு இனி தேவயில்லாத சூட்டையெல்லாம் வெளிய தள்ளுது. அதுலதான் இரும்பு உருகுது. மத்தாப்பு மாதிரி ஒரு குச்சி இருக்கு, அதப் பத்த வச்சு உள்ள சொருகுனாப் போதும். அப்புறம் அடுப்பும் வேணாம், காத்தும் வேணாம். நிப்பாட்டவும் ஏலாது. தண்ணி ஊத்துனா தண்ணிக்குள்ள இருக்கிற ஆக்சிஜனையும் புடுங்கும்."

"அப்ப அந்த இரும்ப எதுல ஊத்துவீங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல சின்ன இடைவெளி விடுவோம். அதச் சுத்தி மண் அச்சு கட்டி, ஓரமெல்லாம் ஈர மண்ணு பூசி அடைக்கணும். பெறகு கேஸ் கொழாய வச்சுத் தண்டவாளம் செவக்குற வரைக்கும் தீ காட்டணும். அதுக்கப்புறம்தான் சட்டியப் பத்த வைக்கிறது."

எதற்குத் தீ காட்ட வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து பலகாரத் தட்டு வந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் புதிதாக எதைத் தொட்டாலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கவ்வாத்து தொடங்கும் நாளில் கத்திகளை மலையடியில் வரிசையாக வைத்துத் தெளித்து, சூடம் காட்டிய பிறகுதான் முதல் செடியில் வெட்டு விழும். துரைமார்கூட அந்த நேரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள். ஒட்டு வேலைக்குப் போன பையன்களும் அதே மலையில் கத்தி பிடித்தவர்கள்தான். புதிய பகுதியில் முதல் ஒட்டு என்றால், அச்சு கட்டி மண் பூசி முடிந்ததும் அதன் மேல் நாலு சொட்டு தெளித்து, சூடம் காட்டிவிட்டுத்தான் கேஸைப் பற்ற வைப்பார்கள். அந்த மஞ்சள் தண்ணீரை ஒரு பழைய சோடாப் போத்தலில் கலந்து கொடுப்பது சிவசக்தியின் வேலை. அண்ணனே கேட்டு வாங்கிப் போவான். எத்தனையோ ஒட்டு ஒட்டினார்கள், ஒன்றும் ஆனதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூடுபனியும் தூறலும். சிவசக்தி எங்களோடு மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே பாதை கண்ணுக்குத் தெரியவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு வேறொரு சத்தம் கேட்டது. மலை மறுபடி சரிகிறதோ என்று நாங்கள் மேலே பார்த்தோம். அவள் மட்டும் கீழே பார்த்தாள். கொழுந்துச் சாக்கைக் கழற்றாமலே தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

அச்சுக்குள் இறங்கிய இரும்பு உள்ளே நிற்காமல் வெடித்து மேலே சீறியிருக்கிறது. கிட்ட நின்றவன் புவனேந்திரன். முகத்தின் இடது பக்கம், கழுத்து, ஒரு கை. தார்ப்பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது கண்ணைப் பதுளை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

கம்பனிக்காரன் செய்ததைக் கேளுங்கள். காயப்பட்டவனை வேனில் ஏற்றிய கையோடு, சரளைக் கல்லில் கிடந்த அந்தச் சோடாப் போத்தலைப் படம் பிடித்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் எல்லார் போனிலும் இருந்தது. தோட்டக்காட்டான் மந்திரம் போட்டுத் தண்டவாளத்தை ஒட்டினான் என்று எழுதி, சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தார்கள். இவர்கள் குடிக்கிற தேத்தண்ணியை யார் கொழுந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்க என் வாய் துடித்தது. யாரிடம் போய்க் கேட்பது? பள்ளிக்கூடத்தில் சிவசக்தியின் மகளுக்கு "மஞ்சத்தண்ணி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாள் போகமாட்டேன் என்று அழுதது.

அப்புத்தளை டவுனில் றஹீம் நானா கடைக்குச் சிவசக்தி சாமான் வாங்கப் போன இடத்தில், பக்கத்தில் நின்ற ஒருவன், "மஞ்சள் தூள் வேணாமா அக்கா? இன்னும் ரெண்டு ஒட்டு கெடக்காம்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

றஹீம் நானா தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "டேய், ஒனக்கு இந்தக் கடையில இனிச் சாமான் இல்ல. போ."

"சும்மா பகிடிக்கு நானா..."

"ஒரு மனுசன்ட கண்ணு போயிருக்கு. அது ஒனக்குப் பகிடியா? எறங்குடா கீழ."

நானா சண்டை போட்டது அவளுக்குக் காதில் விழவே இல்லை. "அவன் சொன்னது உண்மதானேன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன்," என்றுதான் பிறகு பெரியாயியிடம் சொன்னாளாம்.

சிவஞானம் ஒரு சாயந்தரம் வந்தான். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை, ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். நான் இந்தப் பக்கத்துக் காம்பரா அடுப்படியில்தான் இருந்தேன்.

"நாளக் கழிச்சுத் தொழில் கந்தோர்லேர்ந்து அதிகாரிங்க வாறாங்க சக்தி. எடத்துலயே வச்சு விசாரிப்பாங்க. ஒன்னயும் கேப்பாங்க."

"என்னைய என்னா கேக்கப் போறாங்க?"

"தண்ணி கலந்து குடுத்தியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லு. உள்ளதுதானே."

"உள்ளதுதான்."

"எங்க வழக்கம் அய்யா, தெரியாமச் செஞ்சிட்டோம்னு சொல்லு. அதோட முடிஞ்சிரும். மச்சானும் அப்பிடித்தான் சொல்றேன்னு இருக்காரு."

பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணே, நாலு சொட்டுத் தண்ணிக்கா இப்பிடி ஆச்சு?"

"உருகுன இரும்புக்கு முன்னால ஒரு சொட்டு போதும் புள்ள. பட்டுன்னு ஆவியாகி எல்லாத்தையும் வெளிய எறிஞ்சிரும்."

"முந்தியெல்லாம் ஆகலியே."

"நேரம். நம்ம நேரம் அப்பிடி."

"நான் அன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா கலந்துட்டேன்ணே. போத்தல் நெறையக் குடுத்தேன்." அவள் குரல் உடைந்தது. "கொறைவா குடுத்திருந்தா..."

இந்த இடத்தில் ஒரு அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? வாயைத் திறந்திருக்க வேண்டும். சிவஞானம், "அழாத, நீ வேணும்னா செஞ்ச?" என்று தேற்றினான். தேத்தண்ணி குடித்தான். போகும்போது மருமகள் கையில் பிஸ்கட் பக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அவள் ரொட்டி சுட அடுப்பை மூட்டினாள். எப்போதும்போல் ரொட்டித் தட்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையை நனைத்து உதறியிருக்கிறாள். சுர்ரென்ற சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி சுர். மறுபடி. ரொட்டி போடாமல் இவள் என்ன செய்கிறாள் என்று நான் எழுந்து போய்ப் பார்த்தேன். காய்ந்த தட்டில் விரலால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். தண்ணீர் உருண்டு ஓடி ஒரு நொடியில் காணாமல் போனது.

"என்னா செய்ற?"

"இது வெறும் வெறகு அடுப்புதான்க்கா," என்றாள் என்னைப் பார்க்காமல். "இதுலயே ஒரு சொட்டு நிக்கலியே. தண்டவாளம் செவக்கச் செவக்கத் தீ காட்டுவோம்னு அண்ணன் சொன்னுச்சு. நான் தெளிக்கக் குடுத்த தண்ணி அந்தத் தீக்கப்புறம் அங்க எப்பிடிக்கா இருந்துச்சு?"

நானே மாவைத் தட்டிப் போட்டேன். அன்றைக்கு ரொட்டி கருகிப்போனது.

மறுநாள் மலை வேலைக்குப் பேர் போடாமல் நின்றுவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினாள். தனியே விடக்கூடாது என்று பெரியாயியும் கூடப் போனாள். அங்கே நடந்தது பெரியாயி வந்து சொன்னது. அவள் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறவள், ஆனால் இதில் கூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

புவனேந்திரன் வார்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் பாதி கட்டு. சிவசக்தி சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைக்கூட இறக்கிவிடாமல் நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்குத் தீ காட்டுனீங்களா, இல்லியா?"

"இப்ப என்னாத்துக்கு அது? உக்காரு. சாப்பிட்டியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"காட்டுனோம்."

"எம்புட்டு நேரம்? செவந்துச்சா?"

அவன் நல்ல கண்ணை மூடிக்கொண்டான். "மெதுவாப் பேசு புள்ள, பக்கத்துல ஆளு இருக்கு."

"செவந்துச்சான்னு கேட்டேன்."

"கேஸ் தீந்துபோச்சு சக்தி." அவன் சொன்னான். "பத்த வச்ச கொஞ்சத்துல தீ சொங்கிப்போச்சு. வேற சிலிண்டரு இல்ல. கம்பனி அனுப்பவும் இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள பாதையப் பாக்க ட்ரொலியில பெரிய ஆளுங்க வரப்போறாங்கன்னு இஞ்சினியர் போன்ல கத்துறாரு. நான் சொன்னேன், மச்சான், மண்ணு இன்னும் காயல, தொட்டா ஈரம் ஒட்டுது, நாளைக்கு ஊத்துவோம்னு. ஒங்கண்ணன் போதும், பத்த வைன்னுட்டாரு."

"அப்ப என் தண்ணி?"

"ஒன் தண்ணி என்னா செய்யும்? அச்சுக்குப் பூசுற மண்ணே ஈர மண்ணுதானே. மேலேர்ந்து தூறல் வேற. அது எல்லாத்தையும் ஓட்டத்தான் தீ காட்டுறது. ஒழுங்காக் காட்டுனா ஒரு வாளி தெளிச்சிருந்தாலும் காஞ்சிருக்கும்."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒங்களுக்கு மொதல்லேர்ந்து தெரியும்."

"தெரியும்."

"அண்ணனுக்கும்."

"அவருக்குத் தெரியாமயா? லைசன்காரரு." அவன் கையை நீட்டினான். "இங்க பாரு. மச்சான் வந்து இந்தக் கட்டில்ல உக்காந்து அழுதுட்டாரு. லைசன் போச்சுன்னா அவரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். மூணு பொம்பளப் புள்ளைங்க. எனக்குக் கண்ணு போனது போனதுதான். அவரு மேல பழியப் போட்டாக் கண்ணு வருமா?"

"எம்மேல போட்டா வருமா?"

"ஒம்மேல யாரு போட்டா? வழக்கம், சாமி காரியம்னு..."

"சாமி வந்தா தண்ணி கலந்துச்சு? நான் கலந்தேன்! இந்தக் கையி கலந்துச்சு!" வார்டே திரும்பிப் பார்த்ததாம். "எங் கையப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. புள்ளைக்குச் சோறு ஊட்டப் பயமா இருந்துச்சு. நான் ஒங்களக் குருடாக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு ராவெல்லாம் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தீங்களா?"

"நீ அப்பிடி நெனப்பேன்னு எனக்குத் தோணல சக்தி. சத்தியமாத் தோணல."

அது உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் கோபம். பெரிய மனது பண்ணி மச்சானை மன்னித்தவனுக்கு, வீட்டில் ஒருத்தி அந்தப் பழியைத் தின்றுகொண்டு கிடக்கிறாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வேட்டியும் கால்சட்டையும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். சேலைக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வராது.

"நாளைக்கு நீ ஒண்ணும் பேசிராத," என்று அவன் கெஞ்சினான். "ஒங் கூடப்பொறந்தவரு."

சிவசக்தி சோற்றுப் பார்சலை அவன் மடியில் வைத்தாள். "சாப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

விசாரணை நாளிலும் தூறல் விடவில்லை. வெடித்த ஒட்டுக்கு அடுத்த ஒட்டை எல்லார் முன்னாலும் ஒட்டிக் காட்டுவது என்று கம்பனி ஏற்பாடு செய்திருந்தது. மந்திரம் மாயம் இல்லாமல் முறையாகச் செய்தால் எந்த ஆபத்தும் கிடையாது என்று நிரூபிக்கிறார்களாம். தொழில் கந்தோரிலிருந்து வந்தவர் இன்ஸாப் என்கிற பண்டாரவளைக்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு, மழை பலப்பதற்கு முன்னால் கிளம்பிப் போக வேண்டும் என்கிற முகத்தோடு நின்றார். கம்பனி இஞ்சினியர் வெள்ளைத் தொப்பியோடு அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கரை மேலே நின்று பார்த்தோம்.

கேஸ் சிலிண்டர் இரண்டு இருந்தது. இரண்டும் நிறைந்தது, சீல் உடைக்காதது. விசாரணைக்கு வந்த சிலிண்டர் அன்றைக்கு வந்திருந்தால் ஒரு மனிதனுக்கு இன்றைக்கு இரண்டு கண் இருந்திருக்கும். எனக்குக் கல்லெடுத்து எறியலாம் போலிருந்தது.

சிவஞானம் அச்சைக் கட்டினான். ஈர மண்ணை உருட்டி ஓரங்களில் அப்பினான். கை நடுங்காமல்தான் செய்தான், நல்ல வேலைக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. தூள் நிறைத்த சட்டி பக்கத்தில் ஒரு இரும்புக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப இவங்களுக்கு ரூல் போட்டிருக்கு," என்று இஞ்சினியர் இன்ஸாபிடம் தன் தமிழில் விளக்கினார். "பூஜை இல்ல, தண்ணி இல்ல. தண்ணி போட்டா வெடிக்கும். தண்ணி இல்ல, வெடிக்காது. சிம்பிள்."

இன்ஸாப் சிவசக்தியைப் பார்த்தார். "நீங்கதானே புள்ள அந்தத் தண்ணியக் கலந்து குடுத்தது?"

"ஆமாங்க அய்யா. நான்தான்."

சிவஞானம் மூச்சு விட்டது எங்களுக்கே தெரிந்தது. அவன் குனிந்து கேஸ் குழாயை எடுத்தான்.

"அண்ணே, அது வேணாம்," என்றாள் சிவசக்தி.

"எது?"

"கேஸு. அது வேணாம். அப்பிடியே ஊத்துங்க." அவள் கரையிலிருந்து இறங்கி அச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். புவனேந்திரன் நின்ற அதே பக்கம். "இன்னைக்குத்தான் மஞ்சத் தண்ணி இல்லியே. வெடிக்காது. தொரையே சொல்லிட்டாரு."

"சக்தி, தள்ளு. வெளையாட்டு இல்ல இது."

"நானும் வெளையாடல."

"இந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போ," என்றார் இஞ்சினியர். கூட்டத்தில் யாரும் அசையவில்லை.

அவள் சட்டி தொங்கிய இரும்புக் கையைத் தள்ளினாள். சட்டி திரும்பி அச்சுக்கு நேர் மேலே வந்து நின்றது. பெட்டியிலிருந்து அந்த மத்தாப்புக் குச்சியை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த நெருப்புப் பெட்டியையும் எடுத்தாள். அப்போதுதான் இவள் இதற்கென்றே வந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

"புள்ள, என்ன செய்றீங்க?" என்றார் இன்ஸாப். குடை சரிந்துவிட்டது.

"எங் கையாலதான் வெடிச்சுதுன்னு சொல்றாங்க அய்யா. இன்னைக்கு எங் கையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. பாத்துக்குங்க."

தூறலில் முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து உரசினாள். அது பிடித்தது. மத்தாப்பு சீறிக்கொண்டு வெள்ளையாக எரிந்தது. அவள் அதைச் சட்டியின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏய்!" சிவஞானம் பாய்ந்தான். "விடுடி! மண்ணு ஈரமா இருக்குடி! தீ காட்டாம ஊத்துனா வெடிச்சுச் செத்துப்போயிருவடி!" அவள் கையைத் தட்டிவிட்டான். மத்தாப்பு சரளைக் கல்லில் விழுந்து எரிந்தது. அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "தண்ணி தெளிச்சாலும் வெடிக்கும், தெளிக்காட்டியும் வெடிக்கும்! தீ காட்டாம எவனாச்சும் ஊத்துவானாடி!"

அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

மத்தாப்பு சரளைக் கல்லில் கிடந்து எரிந்து முடிந்தது. இஞ்சினியர் சிங்களத்தில் என்னவோ ஆரம்பித்தார். இன்ஸாப் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அன்னைக்குத் தீ காட்டுனீங்களா சிவஞானம்?"

சிவஞானம் தங்கச்சியை விட்டுவிட்டுத் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தான். இஞ்சினியரைப் பார்த்தான். இஞ்சினியர் வேறு பக்கம் பார்த்தார். இத்தனை நாளும் தோளில் கைபோட்டு நின்றவன், சிவஞானம் என்று ஒரு ஆள் அங்கே இல்லாததுபோல் நின்றான்.

"கேஸ் இல்லீங்க அய்யா," என்றான் சிவஞானம். "தீந்துபோச்சு. போன்ல சொன்னேன். இருக்கிறத வச்சு முடின்னு இந்த இஞ்சினியருதான் சொன்னாரு. மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் பத்த வைன்னேன்."

இன்ஸாப் குடையைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். மழையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கவலைப்படவில்லை. இஞ்சினியரையும் போகவிடவில்லை.

சிவசக்தி சேலையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டிவிட்டாள். கரை மேல் ஏறப்போனவளைச் சிவஞானம் பின்னாலேயே வந்து மறித்தான். அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாம் போச்சு சக்தி. லைசனும் போச்சு, எல்லாம் போச்சு. ஆனா ஒன்னய அந்த எடத்துல பாத்ததும் என்னால சும்மா நிக்க ஏலலடி. கத்திட்டேன்."

அவள் நின்றாள். அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவரு நின்ன அன்னைக்கும் இப்பிடிக் கத்தியிருக்கலாமேண்ணே."

அவள் படிகளில் ஏறி லயத்துக்கு வந்தாள். அடுப்பை மூட்டி, பருப்பை ஏற்றினாள். பதுளை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பார்சல் கட்ட வாழையிலை கொடுக்கப் போன நான் சட்டியை எட்டிப் பார்த்தேன். பருப்பு மஞ்சளாக இருந்தது.